நூற்றுக்கு எத்தனை

ஆவுடையப்பன் நொச்சி இலையில் ஆவி பிடித்ததால் அறுநூற்று நாற்பது பேர் ஏறவிருந்த கப்பல் நின்றுபோனது. நின்றுபோனது என்று அடித்துச் சொன்னால் வழக்குப் போடுவார்கள். நிற்கக்கூடும் என்று ஆனது. அந்த வருடங்களில் எதுவும் நடந்துவிடுவதில்லை, நடக்காமல் போவதுமில்லை. எல்லாம் நூற்றுக்கு இத்தனை என்று நடுவிலே தொங்கிக்கொண்டிருக்கும்.

நடந்தது இதுதான். காலையில் எழுந்தபோதே அவருக்கு மூக்கடைப்பு. கப்பல் புறப்பட எட்டே நாள். அடைத்த மூக்கோடு சுவாசமானியில் ஊதி, அது ஏடாகூடமாக எதையாவது நினைத்துக்கொண்டால் என்ன செய்வது? கீழே காம்பவுண்டுச் சுவரோரம் நின்ற நொச்சியில் இரண்டு கொத்து ஒடித்து வந்தார். சட்டியில் போட்டு, மஞ்சள் தூவி, போதாதென்று ஒரு விரல் தைலத்தையும் வழித்துப் போட்டுக் கொதிக்கவிட்டார். போர்வைக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து, அவித்த பனங்கிழங்கு மாதிரி வெளியே வந்தார். மூக்கு திறந்திருந்தது. மணி ஏழு. ஊதினார்.

சுவாசமானி என்பது அரசாங்கம் வைத்த பெயர். ஊரில் அதற்கு ஊதாங்குழல். கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஒவ்வொருவரும் தினமும் ஏழு மணியிலிருந்து ஏழே காலுக்குள் தன் குழலில் ஊதவேண்டும். நீல மூடி ஆவுடையப்பனுடையது. சிவப்பு மூடி அவர் மனைவி செண்பகவல்லியுடையது. அவர் இரண்டிலும் ஊதினார்.

காரணம், ஏழு மணிக்கு செண்பகவல்லிக்குப் பால் பொங்கும். ஏழு மாதமாக அந்த வீட்டுப் பால் ஏழு மணிக்குத்தான் பொங்குகிறது. "நகர முடியலங்க, எனக்கும் சேர்த்து ஊதிடுங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். ஆவுடையப்பனும் ஊதிவிடுவார். அவர் முப்பத்திரண்டு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். வராதவனுக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது அங்கே நட்புக்கு அடையாளம். எட்டுப் பேர் கையெழுத்து அவருக்கு அவர்களைவிட நன்றாக வரும். அப்படிப்பட்டவருக்குக் கட்டிய மனைவிக்காக ஒரு மூச்சு விடுவது பெரிய காரியமா?

ஏழு மணி நாலு நிமிடத்துக்குக் கைபேசி அதிர்ந்தது. அலையரசி என்ற அந்தக் கப்பல் புறப்படுவதற்கான எண், எண்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது.

அடுத்த நிமிடமே பயணிகள் குழுவில் சண்டை தொடங்கியது. "யாரோ கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று எழுதினார் தாம்பரத்துக்காரர் ராமபத்ரன். "ஒரு ஆளோட பிரியாணிக்கு அறுநூறு பேர் அழணுமா?" என்று இன்னொருவர். ஆவுடையப்பனும் தன் பங்குக்கு, "யாராக இருந்தாலும் வன்மையாகக் கண்டிக்கத்தக்கது" என்று எழுதிவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டார். நொச்சி வாசனை இன்னும் இருந்தது.

கைபேசி அடித்தது. கப்பல் நிறுவனத்தின் இயந்திரப் பெண். மஞ்சரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"வணக்கம் ஆவுடையப்பன் சார். உங்கள் கப்பல் அறைக்கான குழல்களில் இன்று காலை வழக்கத்துக்கு மாறான ஒன்று பதிவாகியிருக்கிறது."

"அது நொச்சிம்மா."

"அது புதிய வகைத் தொற்றாக இருக்க வாய்ப்பு முப்பத்தெட்டு."

"நொச்சியா இருக்க வாய்ப்பு?"

"நொச்சி என் பட்டியலில் இல்லை சார்."

"அது சுவத்தோரமா கெடக்கும். பட்டியலுக்கெல்லாம் வராது. சரி, கப்பல் போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லு."

"நாற்பத்தொன்று."

"அப்படின்னா போகாதுன்னு அர்த்தமா?"

"நாற்பத்தொன்று என்று அர்த்தம் சார். புறப்படும் நாள் காலை ஆறு மணிக்கு எண் எண்பதுக்கு மேல் இருந்தால் கப்பல் நகரும். விசாரணைக்காக நீங்கள் இன்று பதினோரு மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும். வருவீர்களா?"

"தொண்ணூறு" என்றார் ஆவுடையப்பன்.

"நன்றி சார்" என்றது மஞ்சரி. அதற்கு ஜோக் புரியாது. ஜோக் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

பெருந்தொற்று மூன்றாவது முறையாக வந்த காலத்தில், போகும் போகும் என்று சொல்லிப் போகாத பயணங்களுக்காக ஆயிரக்கணக்கில் வழக்குகள் குவிந்தன. அப்போதுதான் இந்தக் கணிப்பு வந்தது. எல்லோருடைய மூச்சையும் நடமாட்டத்தையும் சேர்த்துப் பார்த்து, எது நடக்க எத்தனை வாய்ப்பு என்று சொல்லும் இயந்திரம். பெரும்பாலும் சரியாகவே சொன்னது. அதன் எண்ணைச் சொன்னவன் மீது வழக்கு இல்லை. ஆம், இல்லை என்று வாக்குக் கொடுத்தவன் மீது உண்டு என்று சட்டம் போட்டார்கள். பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? பிளம்பர் நாளைக்கு வருவதற்கு ஐம்பத்தைந்து. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்திலேயே எழுபத்தெட்டு. முனைக்கடைக்காரரிடம் வடை சூடாக இருக்கிறதா என்று கேட்டால், தொட்டுப் பார்க்காமலே "அறுபது இருக்கும்ணே" என்பார்.

செண்பகவல்லி அடுப்படியிலிருந்து வந்து நாற்பத்தொன்றைப் பார்த்தாள். மாநகராட்சிப் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு டீச்சர்.

"நாற்பத்தொண்ணா? எங்க ஸ்கூல்ல இதுக்குக் கை தட்டுவோம்" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "என்ன செஞ்சீங்க?" என்றாள்.

சொன்னார்.

"ஆவி பிடிச்சிட்டு ஊதினீங்களா? ரெண்டு குழல்லயுமா?"

"நீதானே ஊதச் சொன்ன?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அது நிஜமாகவே பொங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. கப்பல் போச்சே என்ற கவலை என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டு, தானே போய் அடுப்பை அணைத்தார்.

கவலைப்பட வேண்டிய கப்பல்தான். மகள் கோமதி பினாங்கில் கல்யாணமாகிப் போய் ஆறு வருடம். போன அடுத்த வருடம் பேத்தி பிறந்தாள். அதற்குப் பிறகு எல்லைகள் மூடிக்கொண்டன. விமானம் அரசாங்க ஆட்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு இருந்த ஒரே வழி, சுற்றுலா என்ற பெயரில் நிறுவனங்கள் விட்ட இந்த மூடிய கப்பல்கள். ஐந்து நாள் கடல். அந்த ஐந்து நாளும் யாருக்கும் ஒன்றும் இல்லையென்றால், பினாங்குத் துறைமுகக் கூடத்தில் நாலு மணி நேரம் சொந்தக்காரர்களைப் பார்க்கலாம். தொடலாம், கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். பிறகு ஐந்து நாள் திரும்பி வரவேண்டும். இந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் அவர்கள் நாலு வருடமாகப் பதிவு செய்து காத்திருந்தார்கள். கடைசியாக இந்த மார்கழியில் போகவேண்டியது மாசிக்குத் தள்ளிப் போனது. மாசி சித்திரைக்குப் போனது. சித்திரையும் தள்ளிப்போய், இப்போது ஆனி.

பத்து மணிக்குப் பினாங்கிலிருந்து அழைப்பு வந்தது. திரை முழுக்கக் கவிஷாவின் நெற்றி.

"தாத்தா, இன்னிக்கி எத்தனை?"

ஆவுடையப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "கொஞ்சம் கம்மி கண்ணு. நாற்பத்தொண்ணு."

"நேத்து எண்பத்தாறு லா" என்றாள், பினாங்குப் பேச்சில்.

"நேத்து தாத்தா நல்ல பிள்ளையா இருந்தேன்."

"பாட்டி எங்க?"

"பாட்டி இங்க இருக்கேன்டா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் செண்பகவல்லி. அவள் திரைக்கு முன்னால் அதிகம் வருவதில்லை. கேட்டால், இந்தப் படத்தில் என் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்பாள்.

கவிஷா ஏதோ யோசித்தாள். "தாத்தா, ஃப்ரிட்ஜ்ல உங்களுக்கு ஒரு சாக்லேட் வச்சிருக்கேன். போன பர்த்டேல இருந்து. அம்மா சொல்றாங்க, அம்பதுக்கு மேலன்னா வச்சிருக்கணும், அம்பதுக்குக் கீழன்னா சாப்பிடலாம்னு. நாற்பத்தொண்ணு அம்பதுக்குக் கீழதானே?"

"கீழதான். ஆனா ஏறிடும்மா. இன்னும் ரெண்டு நாள் பொறு."

குழந்தை பெருமூச்சு விட்டாள். ஐந்து வயதுக்கு அது பெரிய மூச்சு. "எப்பவும் ஏறிடும்னுதான் சொல்றீங்க" என்றாள்.

கிளம்பும்போது செண்பகவல்லி வாசல்வரை வந்தாள். அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். வழக்கமாக அதெல்லாம் செய்கிறவள் இல்லை.

"அங்க போய் என்ன சொல்வீங்க?"

"உண்மையைச் சொல்வேன். நொச்சின்னு ஒரு செடி இருக்கு, வந்து பாருங்கன்னு."

"குழல் மாத்தி ஊதிட்டேன்னு சொல்லுங்க. இன்னிக்கி மட்டும் மாறிடுச்சுன்னு."

"நொச்சிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா சொல்லுங்களேன்" என்றாள்.

கப்பல் நிறுவனத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு மேலே பெரிய பலகை. "எங்கள் ஊழியர்களுக்கு ஆம், இல்லை என்று சொல்ல அனுமதியில்லை. தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்." பலகைக்குக் கீழே ஃபிலோமினா என்ற ஐம்பது வயதுப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். வற்புறுத்தப்பட்டு வற்புறுத்தப்பட்டுக் களைத்த முகம். ஆவுடையப்பனுக்கு அந்த முகம் பழக்கமானது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருடம் அதை அணிந்திருந்தவர்.

"நொச்சிதானே சார்? நானும் நம்புறேன். எங்க வீட்லயும் ஆவி பிடிப்போம்" என்றார் ஃபிலோமினா. "அது சரியாயிடும். பிரச்சனை அது இல்ல."

இரண்டு தாள்களை ஜன்னலில் ஒட்டவைத்துக் காட்டினார். மேடும் பள்ளமுமாக இரண்டு கோடுகள்.

"இது உங்க மூச்சு. இது உங்க மிஸஸ் மூச்சு."

"ரெண்டும் அழகா இருக்கு."

"ரெண்டும் ஒண்ணா இருக்கு சார்."

"முப்பத்தஞ்சு வருசக் குடித்தனம் மேடம். ஒண்ணாத்தான் ஆகும்."

ஃபிலோமினா சிரிக்கவில்லை. "நொச்சி ரெண்டுலயும் இருக்கு. நேத்து சாப்பிட்ட பூண்டு ரசம் ரெண்டுலயும் இருக்கு."

"ஒரே வீட்டு ரசம்."

"மேல் வரிசையில இடது பக்கம் ஒரு பல்லு இல்ல. அந்தச் சந்துல காத்து போறப்ப ஒரு சின்ன விசில் வருது. உங்க மிஸஸுக்கும் அதே பல்லு இல்லையா சார்?"

செண்பகவல்லிக்கு முப்பத்திரண்டும் இருக்கிறது. கை முறுக்கை ஒரே கடியில் இரண்டாக்குவாள். ஆவுடையப்பன் நாக்கால் தன் சந்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு வருடமாகப் பல் டாக்டர் அந்த இடத்தைக் கட்டித்தருவதற்கு அறுபத்தைந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒரே ஆளோட மூச்சா இருக்க வாய்ப்பு நூறு" என்றார் ஃபிலோமினா.

"நூறு வருமா? அது தொண்ணூத்தொம்போதோட நின்னுடும்னுல்ல நினைச்சேன்?"

"எனக்கும் முதல் தடவை சார்."

குழல் மாறிவிட்டது, இன்றைக்கு மட்டும்தான் என்று சொல்ல ஆவுடையப்பன் வாயெடுத்தார். அதற்குள் ஃபிலோமினா ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். "பழசெல்லாம் எடுத்துப் பாத்தேன். இருநூத்திப் பதினாலு நாள். அத்தனை நாளும் விசில்தான்."

"இத்தனை நாள் உங்க மிஷினுக்குத் தெரியலையா?"

"ஒழுங்கா இருக்கிற மூச்சை யாரும் ஒப்பிட்டுப் பாக்கறதில்ல சார். இன்னிக்கி நீங்க நொச்சியைப் போட்டதாலதான் பாத்தோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பொதுவா யாரு இப்படிச் செய்வாங்க தெரியுமா?"

"என்னை மாதிரி சோம்பேறிங்க."

"மஞ்சள் வந்தவங்க."

ஊதியதும் குழலில் பச்சை விளக்கு எரிந்தால் ஒன்றுமில்லை. சிவப்பு என்றால் தொற்று. மஞ்சள் என்றால் தொற்று இல்லை, நுரையீரலில் வேறு ஏதோ இருக்கிறது, பார்க்கவேண்டும் என்று அர்த்தம். இது கைபேசி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"முன்கூட்டியே மஞ்சள் பதிவாச்சுன்னா அந்தக் கேபினே ரத்து. ரெண்டு பேரும் வரிசையில கடைசிக்குப் போயிடுவாங்க. ஆனா புறப்படற அன்னிக்கு, துறைமுக கேட்ல வச்சுத் தெரிஞ்சா, அந்த ஆளை மட்டும்தான் நிறுத்துவாங்க. கூட வந்தவர் ஏறிப் போயிடலாம். அப்படி ஒரு விதி இருக்கு. நிறைய பேருக்குத் தெரியாது."

"தெரிஞ்சவங்க யாரு?"

"விதியெல்லாம் உக்காந்து படிச்சுக் கணக்குப் போடறவங்க."

ஆவுடையப்பனுக்கு ஒரு ஜோக் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ரெண்டு பேரும் கேமரா முன்னாடி தனித்தனியா ஊதணும்" என்றார் ஃபிலோமினா. "இல்லன்னா நீங்களாவே விலகிக்கலாம். விலகல் படிவம் உங்க போனுக்கு அனுப்பியிருக்கேன். அதுல மட்டும் நம்பர் போட முடியாது சார். ஆம், இல்லை, ரெண்டே கட்டம்."

"மேடம், அவளுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?"

ஃபிலோமினா மேலேயிருந்த பலகையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். உடனே எல்லோரும் ஆளுக்கு ஓரடி நகர்ந்து நின்றார்கள்.

"அடுத்தவங்க வாங்க" என்றார் ஃபிலோமினா.

ராயபுரத்தில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் மும்தாஜ் தன் வாசலில் நின்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி கீழே போய்விட்டு வரும்போதெல்லாம் அங்கே நின்று பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் மேலே வருவாள். வகுப்பில் முப்பது வருடம் யாரையும் பேசவிடாதவள், இப்போது வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்க்கிறாள் என்று ஆவுடையப்பன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மொட்டைமாடியில் துணி காயப்போடும் வேலையை அவர் தலையில் கட்டியதையும் அப்படித்தான், டீச்சர் ரிட்டயர் ஆனதும் பியூன் வைத்துக்கொண்டாள் என்று.

"மும்தாஜம்மா, எங்க வீட்டு அக்கா இங்க நின்னு அப்படி என்னதான் பேசுறா?"

மும்தாஜ் துண்டைக் கீழே இறக்கினாள்.

"பேச மாட்டாங்கண்ணே. நிப்பாங்க. அந்தக் கம்பியைப் புடிச்சிட்டு மூச்சு வாங்கிட்டு நிப்பாங்க. நான் ஸ்டூல் எடுத்துப் போடுவேன். உங்களாண்ட சொல்லாதேன்னாங்க. நீங்க கேட்டா என்ன சொல்றதுன்னேன். அவர் கேக்க மாட்டாரு, சிரிச்சிட்டே போயிடுவாருன்னாங்க."

ஆவுடையப்பன் மிச்சம் பதினெட்டுப் படியையும் ஏறினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எண்ணிக்கொண்டே ஏறினார்.

செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் சிவப்பு மூடிக் குழலை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"ஊது."

"பால் வச்சிருக்கேன்..."

"பால் இல்ல செண்பா. மணி ஒண்ணு."

அவள் குழலைக் கையில் எடுத்தாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஊதாமல் கீழே வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"பல்லு காட்டிக்குடுத்துடுச்சு" என்றார். கூடவே தரையில் உட்கார்ந்தார். "எப்பத்திலேருந்து?"

"ஐப்பசி மழையில. முதல்ல சளின்னு நினைச்சேன். மருந்துக்கடை வாசல்ல ஒரு குழல் வச்சிருக்கான்ல, பேரு கேக்காத குழல், அதுல ஊதிப் பாத்தேன். மஞ்சள்."

"டாக்டர்?"

"போனேன். அறுபதுன்னாரு."

"என்ன அறுபது? நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"அதை அவர் சொல்லக் கூடாதாம். ஸ்கேன் எடுத்தா இன்னும் சரியான நம்பர் சொல்றேன்னாரு. ஸ்கேன் எடுத்தா பதிவாகும். பதிவானா கேபின் போயிடும்."

"அதனால?"

"எடுக்கல."

"ஏழு மாசமா."

"அப்ப ரெண்டு மாசம்னு தெரிஞ்சுதான் விட்டேன். மார்கழில கப்பல், வந்ததும் எடுத்துக்கலாம்னு. அவங்க தள்ளுனாங்க. சரி, மாசிதானேன்னு இருந்தேன். மறுபடி தள்ளுனாங்க. போகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே போய் எடுத்திருப்பேன். எப்பப் பாத்தாலும் எழுபது, எண்பதுன்னா மனுஷி என்ன செய்வா?"

அவள் ஒரு காயின் நாரை உரித்து ஓரமாக வைத்தாள். அவர் அந்த நாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட் வரைக்கும் வந்து நீ நின்னுக்கறதா இருந்த. என்னை மட்டும் அனுப்பிட்டு."

"ஆள் வேணும்ல ஒருத்தராவது. பிள்ளையைத் தூக்கிப் பாக்க. அந்தப் பத்துப் பதினோரு நாள்ல நான் ஸ்கேனெல்லாம் முடிச்சிருப்பேன். உங்க ஜோக்கைக் கேக்காம."

"உன்னை கேட்ல விட்டுட்டு நான் ஏறிப் போயிருப்பேன்னு நினைச்சியா?"

"பின்னாடி வரிசை தள்ளும். யோசிக்க நேரம் இருக்காது. உங்களுக்கு யோசிக்க நேரம் குடுத்தாத்தானே தப்பா ஏதாவது செய்வீங்க."

ஆவுடையப்பன் கைபேசியை எடுத்தார். படிவத்தில் நிஜமாகவே இரண்டு கட்டங்கள்தான். நானூற்றுப் பன்னிரண்டாம் அறைப் பயணிகள் விலகுகிறார்களா? ஆம். இல்லை. எண் போடக் கை ஒரு நொடி தேடியது. பழக்கம். பிறகு ஆம் என்ற கட்டத்தைத் தொட்டார்.

அவள் எட்டிப் பார்ப்பதற்குள் பச்சையாக ஒரு குறி வந்து மறைந்தது.

"உங்களுக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?" கோபம் வந்தால்தான் அவளுக்குத் திருநெல்வேலி திரும்பி வரும். "நாலு வருசம்! நாலு வருசமாக் காத்துக் கெடந்து... இனிமே கடைசிலேருந்து நிக்கணும், தெரியும்லா?"

"தெரியும்."

"என்னைக் கேட்டீங்களா?"

"நீ என்னைக் கேட்டியா?"

இரண்டு பேருடைய மூச்சும் கேட்டது. ஒன்றில் மெல்லிய சீழ்க்கை. இன்னொன்று, இப்போது காது கொடுத்துக் கேட்கும்போது, எங்கேயோ தடுக்கி ஏறி இறங்கியது. இத்தனை அருகில் படுத்து எழுந்தும் இதை எப்படிக் கேட்காமல் இருந்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை. பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அவ்வளவுதான்.

கைபேசி அதிர்ந்தது. அலையரசி: தொண்ணூற்று மூன்று. குழுவில் பூக்களும் கை தட்டல்களும் கொட்டின. "412 விலகிவிட்டார்கள். யாரோ தெரியாது, நல்ல மனசு. நன்றாக இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார் ராமபத்ரன். அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தும் யாரையும் இப்படிச் சந்தோஷப்படுத்தியதில்லை; ஒரே விரலால் அறுநூற்று முப்பத்தெட்டுப் பேர். ஆவுடையப்பன் குழுவிலிருந்து வெளியேறினார்.

பிறகு பினாங்கை அழைத்தார். மகள் எடுப்பாள், அவளிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தார். கவிஷா எடுத்தாள்.

"தாத்தா, ஏறிடுச்சா?"

"கப்பலுக்கு ஏறிடுச்சு கண்ணு. தாத்தாவுக்கு பூஜ்யம்."

"பூஜ்யம்னா?"

"இந்தத் தடவை வரல. பாட்டிக்கு உடம்பு சரியில்ல. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம். கப்பலுக்கு இல்ல."

அழுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப சாப்பிடலாம்தானே?"

"சாப்பிடு."

"பாதி பாட்டிக்கு வைக்கவா? சரியானதும் வருவாங்கல்ல?"

அதற்கு எண் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. "முழுசும் நீயே சாப்பிடு. பாட்டி வந்தா புதுசு வாங்குவோம். அம்மாகிட்ட போனைக் குடு" என்றார்.

கோமதியிடம் பேசிமுடித்தபோது வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டியிருந்தது. கோமதி நிறையக் கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் "நாளைக்குத் தெரியும்" என்றே சொன்னார். ஆஸ்பத்திரியில் பதிவு செய்தார். நாளை காலை ஒன்பது மணி, ஸ்கேன், நடக்க வாய்ப்பு தொண்ணூற்றேழு என்று வந்தது. மிச்சம் மூன்றுக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்க நினைத்து, யாரைக் கேட்பது என்று விட்டுவிட்டார்.

கொத்தவரங்காய் அப்படியே இருந்தது. அவர் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆயத் தொடங்கினார். நார் எடுக்கத் தெரியவில்லை. காயே இரண்டு துண்டாயிற்று. செண்பகவல்லி திட்டவில்லை. அதுவே புதிதாக இருந்தது.

வாய்க்குள் ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக்தான். அவர் அதை விழுங்கினார்.

"செண்பா."

"ம்."

"பயமா இருக்கா?"

அறுபது என்பாள் என்று நினைத்தார். இல்லாவிட்டால், பார்க்கலாம் என்பாள். உங்களுக்கு எத்தனை, சொல்லுங்க என்று திருப்பி விடுவாள். அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"ஆமா" என்றாள்.